கை வைக்காத மா

கறுப்பையாவின் கை மாவைக் கண்டால் சும்மா இருக்காது. அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண்கள் விடிந்தும் விடியாமலும் பெரட்டுக்களத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்தாக வேண்டும். பிந்திப் போனால் கங்காணி திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் தோட்டத்தில் பல வீடுகளில் காலை ரொட்டி ஆண்கள் கையில்தான். மனைவி இருந்த காலத்தில் மனைவிக்காகத் தட்டினார் கறுப்பையா. அவள் போன பிறகு மகன் ரமேசுக்காகத் தட்டினார். இப்போது, வேலையிலிருந்து ஓய்வெடுத்த பின், மருமகள் டிலானிக்காகத் தட்டுகிறார்.

தோட்டத்து ரொட்டிக்கு ஒரு பக்குவம் உண்டு. மாவில் தேங்காய்ப்பூவையும் உப்பையும் போட்டுத் தண்ணீரைத் தெளிக்க வேண்டும், ஊற்றக் கூடாது. பிறகு குந்தியிருந்து, உடம்பின் பாரத்தைத் தோள் வழியே இறக்கி, உள்ளங்கையின் அடியால் அழுத்தி அழுத்திப் பிசைய வேண்டும். அப்போதுதான் ரொட்டி தடிப்பாக, இறுக்கமாக வரும். கூடையின் அடியில் நசுங்கினாலும் உடையாது. ஒன்று தின்றால் மத்தியானம் வரை வயிறு எதையும் கேட்காது. இளகிப்போன மா கறுப்பையாவின் கண்ணுக்கு மாவே அல்ல, நோயாளி.

ஒரு புதன்கிழமை விடியலில் அப்படி ஒரு நோயாளியை அவர் அடுப்படி மூலையில் கண்டார். தட்டால் மூடியிருந்த பேசினுக்குள் கூழுமில்லாமல் மாவுமில்லாமல் ஏதோ ஒன்று ஈரமாகக் கிடந்தது. விரலை வைத்தால் விரலோடு வந்தது. மேலே அங்கங்கே சின்னக் குமிழிகள். பாவம் பிள்ளை, வேலை அலுப்பில் தண்ணீரைக் கூட்டி ஊற்றிவிட்டது என்று நினைத்தார். ஏற்கெனவே சிரிப்பில்லாத வீடு, இதையும் கேட்டு அவள் முகத்தை வாட வைப்பானேன்? சத்தமில்லாமல் இன்னும் மா சேர்த்தார், தேங்காய் துருவிப் போட்டார், குந்தியிருந்து பிசைந்தார்.

டிலானி இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு அடுப்படிக்கு வந்தபோது ரொட்டி கல்லில் கிடந்தது.

"மாமா, மூலையில இருந்த பேசின் எங்க?"

"கழுவிக் கவுத்துட்டேன் ஆயி."

"அதுக்குள்ள இருந்த மாவு?"

கறுப்பையா கல்லைப் பெருமையோடு காட்டினார். "தண்ணியாப் போயிருந்திச்சு. நீ ஒண்ணும் யோசிக்காத. சரிக்கட்டிட்டேன்ல."

டிலானி கல்லைப் பார்த்தாள். ரொட்டி நடுவில் வீங்கி, ஓரத்தில் வெடித்து, யாரிடமோ அடி வாங்கியது போலக் கிடந்தது.

"ஐயோ மாமா! அது ரொட்டிக்கு இல்ல. பாணுக்கு வச்ச மாவு."

"பாணுக்கா? பாணுக்குன்னா பெசஞ்சில்ல வச்சிருக்கணும்?"

"பெசயக் கூடாத மாவு மாமா அது!"

பாண் என்றால் பேக்கரியில் ஈஸ்ட் போட்டுச் சுடும் ரொட்டி; அதற்குப் பிசையாத மாவைக் கறுப்பையா பிறந்ததிலிருந்து கேள்விப்பட்டதில்லை. கரண்டியும் கையுமாக வாயைத் திறந்தபடி நின்றார். வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த ரமேஸ், தன் பங்கு ரொட்டியைக் கடித்துவிட்டு, "புளிக்குது" என்றான். அன்றைக்கு அவன் பேசிய முதல் வார்த்தை அது. சில நாட்களில் முதல் வார்த்தையே கடைசி வார்த்தையாகவும் இருந்துவிடும்.

ரமேஸ் நன்றாகப் பேசக்கூடியவன்தான். பதினேழு வயதில் கண்டிப் பக்கம் ஒரு பேக்கரிக்கு மா மூட்டை தூக்கப் போனவன், படிப்படியாகப் பாண் சுடும் போறணை முன்னால் நிற்கும் ஆளாக ஆனான். லீவுக்கு வந்தால் பாண், முதலை வடிவக் கிம்புலா பனிஸ் எல்லாம் பையில் வரும். அவற்றைவிட அதிகமாகக் கதைகள் வரும். போன வருடம் மாக் குழைக்கும் மெஷினுக்குள் ஒட்டியிருந்த மாவை வழிக்கக் கை விட்டபோது யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். கை போகவில்லை. ஆனால் வலது மணிக்கட்டில் பலமில்லை. மூன்று விரல்கள் மடங்க மறுத்துவிட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வீட்டுக்கு வந்தவன் அந்தக் கதிரையில் உட்கார்ந்தான். பேக்கரியிலிருந்து கூப்பிட்டும் போகவில்லை. அன்றிலிருந்து அவன் மாவைத் தொட்டதே கிடையாது. கறுப்பையா ரொட்டிக்குப் பிசையும் நேரம் எழுந்து தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைப் பக்கம் போய்விடுவான்.

டிலானியின் சம்பளம் மட்டும் வைத்து வீடு ஓடாது என்பது மூவருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லாத நேரத்தில் டிலானி செய்து காட்டினாள். கண்டி டவுனில் ஒரு ஏஜன்சியில் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வந்தாள். வருகிற திங்கட்கிழமை மெடிக்கல். அதில் தேறினால் குவைத்தில் ஒரு வீட்டில் இரண்டு வருட வேலை. போவதற்கு அவளுக்குத் துளியும் விருப்பமில்லை. ரமேஸ் "போகாதே" என்று சொல்லவுமில்லை. சொல்ல வேண்டுமானால் அதற்குப் பதிலாக ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும்; அந்தக் கைதான் அவனுக்கு இல்லையே.

இந்த நிலையில்தான் போனில் ஒரு காட்சியைப் பார்த்தாள். எந்த நாட்டுப் பெண்ணோ, மாவையும் தண்ணீரையும் அகப்பையால் கலக்கி மூடி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகிறாள். மறுநாள் அந்த மாவைக் காய்ந்த இரும்புச் சட்டிக்குள் சரித்து மூடுகிறாள். திறந்தால் உள்ளே பொன்னிறமாக ஒரு பாண். பிசையவே இல்லை. டிலானி அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். பாணைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் கைகளைப் பார்த்தாள். ஒரு கை பேசினைப் பிடித்திருந்தது, மற்றக் கை அகப்பையைச் சுற்றியது. அவ்வளவுதான். வலது கை பேசினைப் பிடித்துக்கொண்டால் போதும், இடது கை சுற்றிவிடும்.

இது மாய வித்தை ஒன்றுமில்லை. கோதுமை மாவுக்குள் ஒரு பசை இருக்கிறது; தண்ணீர் பட்டதும் அது இழை இழையாக நீளும். பிசைகிறபோது அந்த இழைகள் ஒன்றோடொன்று பின்னி ஒரு வலையாகின்றன. ஈஸ்ட் விடும் காற்று வலைக்குள் மாட்டிக்கொண்டு வெளியே போக வழி தெரியாமல் திணறும்போது மா பொங்குகிறது. ஆனால் வலையைக் கைதான் பின்ன வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தண்ணீரைத் தாராளமாக விட்டு, ஈஸ்டை ஒரு சிட்டிகையோடு நிறுத்தி, ஓர் இரவு முழுக்கத் தொந்தரவு செய்யாமல் விட்டால், இழைகள் தாமே ஒன்றையொன்று தேடிப் போய்ப் பின்னிக்கொள்ளும். எழும்புகிற குமிழிகள் அவற்றை மெல்ல இழுத்துவிடும். கை அவசரமாகச் செய்வதைத் தண்ணீரும் பொழுதும் சேர்ந்து ஆறுதலாகச் செய்கின்றன. செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: இடையில் போய்க் கை வைக்காமல் இருப்பது. கறுப்பையா இருக்கிற வீட்டில் அதுதான் எல்லாவற்றிலும் பெரிய வேலை.

அன்று மாலை கொழுந்து நிறுத்துவிட்டு, கால் கழுவாமலே டிலானி, எல்லோரும் நானா என்று அழைக்கும் பஹ்மியின் கடைக்குப் போனாள். மேற்பிரிவு லய வீடுகளுக்கு இருப்பது அந்த ஒரு கடைதான். போன மழையில் ரோட்டுக்கு அடியில் குறுக்கே தண்ணீர் ஓடும் போக்கு உடைந்து, பாதி ரோட்டைப் பள்ளத்தில் தள்ளிவிட்டது. கலஹாவிலிருந்து வரும் பஸ் உடைவுக்கு அந்தப் பக்கமே திரும்பிவிடும். பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் முச்சக்கர வண்டியும் அதற்கு மேல் ஏறுவதில்லை.

"வாங்கொ தங்கச்சி," என்றார் பஹ்மி. "பாண் எண்டா இல்ல. பனிஸும் இல்ல. பிஸ்கட் ஈக்கி. அதக் கடிக்கிறதுக்குப் பல்லு நல்லாருக்கணும்."

"பாண் கேக்க வரல நானா. பாண் சுட்டுக் கொண்டாந்தா வாங்குவீங்களான்னு கேக்க வந்தேன்."

பஹ்மி தராசைத் துடைத்த துணியை அப்படியே வைத்தார். "யாரு சுடுற? ரமேஸா? கை சொகமா அவருக்கு?"

"நாங்க சுடுறோம்."

"போறண எங்க ஈக்கி?"

"வீட்டு அடுப்புலதான்."

"அடுப்புல பாணா! எனக்கிட்ட சொன்னது போதும், வேற ஆக்கள்ட்ட சொல்லாதீங்கொ, சிரிப்பாங்க."

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி மஸாஹிராவின் குரல் வந்தது. "ஏன் சிரிக்கிற? நான் கேக் சுடுறது எந்தப் போறணையில? சட்டியில போட்டு, மூடிக்கு மேல நெருப்பள்ளிப் போட்டுத்தானே சுடுற? திங்கக்கொள்ள மட்டும் நல்லாருந்திச்சே?" திரையை விலக்கி வெளியே வந்தாள். "தங்கச்சி, அந்த இரும்புச் சட்டிய நீங்க கொண்டு போங்கொ. மூடிதான் வெடிச்சுப் போச்சு. பாரமான மூடியாப் பாத்துப் போட்டுக்கங்கொ. ஆவி வெளிய போகப்படாது."

"மூடிக்கு ஆளு இருக்கு அக்கா" என்றாள் டிலானி. அவள் மனதில் கறுப்பையாவின் ரொட்டிக்கல் தட்டையாக, கனமாகக் கிடந்தது.

பஹ்மி இறங்கி வந்தார். "சரி. சனிக்கிழம கொண்டாங்கொ, திண்டு பாப்போம். வாயில வைக்க ஏலுமெண்டா பேசுவோம்."

அடுத்த நாள் மாலை டிலானி மறுபடி மா கலந்தாள். பேசினை எங்கே வைப்பது? வெளியே ஹந்தானை மலைப் பக்கமிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. குளிரில் ஈஸ்டும் மனிதர்களைப் போலத்தான், சுருண்டு படுத்துக்கொள்ளும். அடுப்படியில் விட்டால் கறுப்பையாவின் கை. கடைசியில் பேசினைக் கம்பளியால் சுற்றி, அலுமாரியின் கீழ்த்தட்டில், தன் கலியாணச் சேலைக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டி, சாவியைத் தாலிக் கயிற்றில் முடிந்துகொண்டாள்.

"நகை வைக்கிற எடத்துல மாவு வைக்கிற," என்றார் கறுப்பையா, கொஞ்சம் மனத்தாங்கலோடு.

"நகை இருந்தாத்தானே மாமா எடத்துக்குச் சண்ட."

"நா என்னா திருடனா?"

"ஐயோ, ஒங்களச் சொல்லல. ஒங்க கையச் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து அலுமாரியைத் திறந்தபோது சேலைகளெல்லாம் பேக்கரி வாசம் வீசின. மா பேசினின் விளிம்புவரை ஏறியிருந்தது. தட்டிப் பார்த்தால் தொப்பை போலத் தளும்பியது. டிலானி வாழை இலையில் மா தூவி, அதன்மேல் மாவைச் சரித்து, ஓரங்களை நடுவுக்கு மடித்தாள். அடுப்பில் மிலாறு கனன்றது. தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் காய்ந்த குச்சிதான் மிலாறு. ஒரு நெருப்புக்குச்சியில் குபீரென்று பிடிக்கும். சட்டியை நன்றாகக் காய வைத்து, இலையோடு மாவை இறக்கி, ரொட்டிக்கல்லால் மூடி, கல்லின் மேல் நாலு தணலை அள்ளிப் போட்டாள். பிறகு அடுப்புக்கு இன்னும் மிலாறு திணித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து இஸ்தோப்பிலிருந்து குரல் வந்தது. "அடி புடிக்குது."

டிலானிக்கு ஒரு வாசமும் தெரியவில்லை. "இல்லீங்களே?"

"புடிக்குது. எடு."

எடுத்தாள். பாணின் அடி கரியாக இருந்தது. மேலே வெளுத்து, விரல் வைத்தால் பள்ளம் விழுந்தது. வெட்டினால் உள்ளே பச்சை மா கத்தியில் ஒட்டியது. டிலானி அதைப் பலகையில் வைத்துவிட்டு அப்படியே நின்றாள். வாசற்படியில் ரமேஸ் வந்து நின்றான். இவ்வளவு காலத்துக்குப் பிறகு மா இருக்கும் இடத்துக்கு இவ்வளவு பக்கத்தில் அவன் வந்தது அதுதான் முதல் தடவை.

"நீ பாண் சுடல," என்றான். "ரொட்டி சுட்டிருக்க."

"என்னா சொல்றீங்க?"

"ரொட்டிக்கு நெருப்பு கீழ இருந்து வரணும். போறணையில நெருப்ப எரிச்சு வழிச்சு வெளிய தள்ளிருவோம். செங்கல்லு குடிச்சு வச்ச சூடு மேல இருந்துதான் எறங்கும். நீ கீழ அள்ளி எரிச்சிட்டு மேல நாலு தணல போட்டிருக்க. அதுவும் மிலாறு தணல். அது வந்த வேகத்துல சாம்பலாயிரும்." சொல்லிவிட்டு, சொன்னதற்கே வெட்கப்பட்டவன் போலத் திரும்பினான். "எப்பிடி இருந்தாலும் இது ஆவாது. பெசயாம பாணாமே. அப்ப நாங்க பன்னண்டு வருசமா நெஞ்சு வலிக்கப் பெசஞ்சது என்னா, கிறுக்குப் புடிச்சா?"

"அப்ப நீங்களே வந்து சுட்டுக் காட்டுங்க."

ரமேஸ் வலது கையைத் தூக்கிக் காட்டினான். "இத வச்சா?"

"இத வச்சுத்தான். இதுக்கு எதுக்கு கை? பேசினப் புடிக்க முடியாதா ஒங்க கைக்கு?"

அவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். டிலானிக்கு அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது. ஆனால் சத்தம் போடவில்லை; கரிந்த அடியைக் கத்தியால் சுரண்டிக்கொண்டே பேசினாள்.

"திங்கக்கெழம நான் மெடிக்கலுக்குப் போறேன். பாஸானா ரெண்டு வருசம். யாரு வீட்டு மாவையோ பெசயத்தான் போறேன், எவ்வளவு வேணும்னாலும் பெசயலாம். அதுக்கு முன்னாடி இந்த வீட்டுல ஒரு பாண் ஒழுங்கா சுட்டுட்டுத்தான் போவேன். நீங்க கதிரைய விட்டு எந்திரிக்க வேணாம். அங்கேருந்தே மூக்கால சொல்லுங்க, போதும்."

கறுப்பையா வெந்திருந்த மேல் ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டு மென்றார். "உப்பு சரியா இருக்கு," என்றார்.

அன்று மாலையே டிலானி மா கலந்து அலுமாரியில் வைத்தாள். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து வந்தபோது அடுப்புக்குப் பக்கத்தில் சாக்கு நிறையச் சிரட்டை இருந்தது. வருடக் கணக்காக ரொட்டிக்குத் தேங்காய் துருவிய வீட்டில் சிரட்டைக்கா பஞ்சம்? கறுப்பையா கூரைப் பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி வைத்திருந்தார். சிரட்டைத் தணல் மிலாறு மாதிரி ஆடம்பரம் காட்டாது. மெதுவாகப் பிடிக்கும், பிடித்தால் லேசில் விடாது.

ரமேஸ் கதிரையைத் தூக்கி வந்து அடுப்படி வாசலில் போட்டான். உள்ளே வரவில்லை. கால்கள் வெளியே இருந்தன, கண்கள் உள்ளே இருந்தன.

"கீழ சாம்பலப் பரப்பு. அதுக்கு மேல சட்டி. சூடு சட்டிய நேரா அடிக்கப் படாது... மேல போடு. இன்னும் போடு. ஓரத்துக்குத் தள்ளு, நடுவுல குமிக்காத... இப்ப வெறும் சட்டியில ஒரு சிட்டிக மாவத் தூவு. என்னா நெறம்?"

"வெள்ளையாத்தான் இருக்கு."

"பொறு... இப்ப?"

"மண்ணு நெறமா மாறுது. வாசம் வருது."

"கறுக்கலல்ல? அப்ப எறக்கு."

மூடி விழுந்தது. இப்படி ஈரமான மாவுக்கு மூடிதான் உயிர். மாவிலிருந்து கிளம்பும் ஆவி வெளியே போக முடியாமல் சட்டிக்குள் சுழன்று, பாணின் தோலை இளக்கமாகவே வைத்திருக்கும். தோல் இளகியிருக்கும்வரை உள்ளே இருக்கும் காற்று அதை ஊதி எழுப்பலாம். தோல் முந்திக்கொண்டு காய்ந்துவிட்டால் பாண் எழும்ப முடியாமல் உள்ளுக்குள்ளேயே குமைந்துபோகும். எழும்பி முடிந்த பிறகு ஆவியை விட்டுவிட வேண்டும். அப்போதுதான் தோல் முறுகும். எப்போது என்று ரமேசின் மூக்குச் சொன்னது. "இப்ப கல்ல ஒரு விரக்கட நகத்து" என்றான்.

திறந்தபோது மூவரும் எட்டிப் பார்த்தார்கள். பாண் ஒரு பக்கம் சரிந்து, கோணல் தொப்பி போட்ட மாதிரி இருந்தது. ஆனால் பொன்னிறம். தட்டினால் வெறும் பெட்டியைத் தட்டியது போலச் சத்தம் வந்தது. டிலானி அதைத் துணியில் சுற்றி, மூடுபனிக்குள் ஓட்டமும் நடையுமாகப் பஹ்மியின் கடைக்குப் போனாள்.

பஹ்மி கத்தியை எடுத்தார். தோல் கரகரவென்று முறிந்தது. உள்ளே ஓட்டை ஓட்டையாக, மினுமினுவென்று இருந்தது. மஸாஹிரா மிளகாய் இடித்த கட்டச் சம்பலைக் கொண்டு வந்து வைத்து, டிலானிக்கும் ஒரு துண்டில் தொட்டுக் கொடுத்தாள். ஒரு வாய் தின்றுவிட்டு பஹ்மி இன்னொரு துண்டு வெட்டினார்.

"எனத்த பேச்சக் காணல்ல?" என்றாள் மஸாஹிரா.

"திங்கக்கொள்ள எப்படிப் பேசுற?" வாயைத் துடைத்துக்கொண்டு டிலானியைப் பார்த்தார். "நல்லாருக்கு தங்கச்சி. பொய் சொல்லப்படாது, நல்லாருக்கு. ஆனா ஒண்டு. ஒரு நாளைக்குக் கொண்டாந்து தந்தா அது விருந்து. ஒவ்வொரு நாளும் வந்தாத்தான் யாவாரம். திங்கக்கெழம காலைல, பெரட்டுக்குப் போற ஆக்கள் டீ குடிக்க வரக்கொள்ள, இந்த மேசையில பாண் ஈக்கணும். ஒரு சட்டி போதும், நான் வெட்டி வெட்டிக் குடுப்பேன். பொறகு நாளுக்கு நாள். ரோட்டச் செஞ்சா பாண்காரன் பாட்டுப் போட்டுக்கொண்டு ஏறி வருவான். அதுக்கு முந்தி உங்கட பாண் ஆக்கள்ட நாக்குல ஏறிரணும். ஏலுமா?"

திங்கட்கிழமை காலை. டிலானியின் வாயில் சம்பல் உறைத்தது. மெடிக்கலுக்குப் போக முதல் பஸ்ஸை விட்டால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. அந்தப் பஸ் வருகிற நேரமும் பாண் வேகிற நேரமும் ஒன்று.

"ஏலும்" என்றாள்.

வீட்டுக்கு வந்து பஹ்மி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். கறுப்பையா மகனைப் பார்த்தார். ரமேஸ் தன் விரல்களைப் பார்த்தான். யார் சுடுவது என்று டிலானி கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கவும் கேட்கவில்லை. துணி துவைத்தாள், மெடிக்கலுக்குக் கட்டிப் போகச் சேலை எடுத்து வைத்தாள், பொழுது சாய்ந்ததும் மா கலந்தாள், கம்பளியில் சுற்றினாள், அலுமாரியில் வைத்தாள். பூட்டவில்லை. சாவியைத் தாலிக் கயிற்றிலிருந்து அவிழ்த்து அலுமாரிக் கதவிலேயே விட்டாள்.

விடியுமுன் கண் விழித்து அலுமாரியைத் திறந்தாள். கம்பளி மட்டும் கிடந்தது. பேசின் இல்லை.

மாமாதான். கை சும்மா இருக்கவில்லை. சேலையை அவசரமாகச் சுற்றிக்கொண்டு, கொசுவத்தைச் சரியாகச் சொருகாமலே அடுப்படிக்கு ஓடினாள்.

கறுப்பையா சுவரோரம் குந்தியிருந்தார். இரண்டு கைகளையும் கக்கத்துக்குள் இறுக்கித் திணித்திருந்தார். குளிருக்கல்ல. மூக்கு நமைத்தாலும் சொறிவதில்லை என்ற தீர்மானத்தோடு, காவலுக்கு நிற்பவர் போல இருந்தார். அடுப்பில் சாம்பல் சமனாகப் பரப்பியிருந்தது. சிரட்டை செக்கச் சிவந்திருந்தது. அடுப்புக்கு முன்னால், கதிரையில் அல்ல, தரையில், ரமேஸ் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். பேசின் மடியில் இருந்தது. மடங்காத வலது கை விளிம்பை அணைத்துப் பிடித்திருந்தது. இடது கையைத் தண்ணீரில் தொட்டு மாவின் ஓரத்தைத் தூக்கினான். மா சேலை முந்தானை போல நீளமாக, கிழியாமல் எழுந்து வந்தது. அதை நடுவில் மடித்தான். பேசினைக் கொஞ்சம் திருப்பினான். மறுபடி தூக்கி மடித்தான்.

"வலை புடிச்சிருக்கு," என்றான் நிமிராமல். "மெஷின்ல போட்டாக் கூட இப்பிடி இழுவ வராது. பெசயாமயே... எப்பிடித்தான் புடிக்குதோ."

"நா தொடல ஆயி," என்றார் கறுப்பையா. "தொட்டேனாடா? சொல்லேன்டா."

"தொடல, தொடல."

டிலானி வாசற்படியிலேயே நின்றாள். கீழே, கொண்டை ஊசி வளைவில் பஸ் ஹோர்ன் அடித்தது. இந்தச் சத்தத்துக்குக் கிளம்பினால்தான் உடைந்த போக்கைச் சுற்றி இறங்கிப் பஸ்ஸைப் பிடிக்கலாம். கறுப்பையா அவளைப் பார்த்தார், பிறகு மகனைப் பார்த்தார், பிறகு அடுப்பைப் பார்த்தார்.

ரமேஸ் வாழை இலையோடு மாவைச் சட்டிக்குள் இறக்கினான். ஒரு கைதான், இலை கிழிந்தது, மா கொஞ்சம் ஓரமாக விழுந்தது. பரவாயில்லை, கோணலுக்குப் பேர்போன பாண்தானே. பிறகு சுவரில் சாய்த்திருந்த ரொட்டிக்கல்லைப் பார்த்தான். இடது கையால் ஒரு காதைப் பிடித்தான். வலது கை மற்றக் காதுக்குப் போய், பிடிக்க முடியாமல் வழுக்கியது. இன்னொரு தடவை முயன்றான்.

கறுப்பையாவின் கைகள் கக்கத்துக்குள் துடித்தன. அவர் எழுந்திருக்கவில்லை.

"இது பாரம்," என்றான் ரமேஸ். இப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தான். "ஒரு ஆளு வேல இல்ல டிலானி. நீ போவாத. அந்தப் பக்கத்தப் புடி."

மறுபடி ஹோர்ன் அடித்தது. டிலானி முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு, அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, பழந்துணியை மடித்துக் கல்லின் மற்றக் காதைப் பிடித்தாள். இருவரும் தூக்கினார்கள். கல் சட்டியின் மேல் சரியாக உட்கார்ந்தது. ரமேஸ் தணலை ஓரம் ஓரமாகத் தள்ளிப் பரப்பினான். கீழே பஸ் முக்கி முனகித் திரும்பி, கலஹாப் பக்கம் இறங்கிப் போகிற சத்தம் நெடுநேரம் கேட்டு, பிறகு கேட்காமல் போனது.

"பாஸ்போர்ட்ட எடுக்க கண்டிக்குப் போகணும்," என்றாள் டிலானி.

"ரெண்டு பேரும் போவோம். ஈஸ்ட்டும் வாங்கணும். இங்க கெடைக்கிறது பழசு."

பெரட்டுச் சங்கு ஊத இன்னும் நேரம் இருந்தது. கல்லைத் தூக்கியபோது பாண் நேராகவே எழும்பியிருந்தது. பலகையில் வைத்ததும் அது பேச ஆரம்பித்தது. சுட்ட பாண் குளிர்ந்த காற்றில் ஆறும்போது தோல் நுண்ணியதாக வெடிக்கும். காய்ந்த இலையில் தூறல் விழுவது போல ஒரு சடசடப்பு வரும். மூவரும் குனிந்து அதைக் கேட்டார்கள்.

"ஒரு சட்டியில காலத்த ஓட்ட முடியாது," என்றான் ரமேஸ். பேக்கரியிலிருந்து லீவுக்கு வந்த காலத்துக் குரல் அது. "பின்னால சின்னதா ஒரு போறண கட்டணும். போக்கு ஒடஞ்ச எடத்துல செங்கல்லு கெடக்கு, தொரைகிட்ட கேட்டுப் பாப்போம். செம்மண்ணுதான் பாடு. வக்கோலு போட்டு, நாள் கணக்கா அழுத்தி அழுத்திப் பெசயணும். பெசஞ்சது பத்தலன்னா மொத நெருப்புலயே வெடிச்சிரும்."

டிலானி பாணைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். கறுப்பையா மெதுவாகக் கக்கத்திலிருந்து கைகளை வெளியே எடுத்தார். விரல்களை விரித்தார், மடக்கினார்.

"எவ்வளவு மண்ணு வேணும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், மம்பட்டியைத் தேடிக்கொண்டு பின்பக்கம் போனார்.